மூன்று கத்திரிக்காய் வாங்க ஒரு கடை: குடியிருப்பாளர்களே தொடங்க முடியுமா?

கறிவேப்பிலைக்கொத்து கேட்கிறார்:

கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் உள்ள அடுக்குமாடி புளோக்கில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். காலையில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை. இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். தினமும் நாற்பது பிள்ளைகளுக்குச் சமைப்பதால் காய்கறி விலை எனக்கு மனப்பாடம். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் காரட் விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

எங்கள் பேட்டையில் கடையே இல்லை என்று சொன்னால் பொய். பேரங்காடி ஒன்று இருக்கிறது. குளிரூட்டப்பட்டது, சுத்தமானது, இரவிலும் திறந்திருக்கும். கொஞ்சமாக வாங்கும் வசதி ஒன்றுதான் அங்கே கிடையாது. கத்திரிக்காய் ஆறு சேர்ந்து ஒரு பொட்டலம். பச்சை மிளகாய் ஒரு கைப்பிடி வேண்டுமென்றால் மூன்று கைப்பிடி வாங்க வேண்டும். ஈரச்சந்தையில் எண்ணி வாங்கலாம், ஆனால் அதற்கு இரண்டு பஸ் நிறுத்தம் போக வேண்டும். எனக்கு அது தூரமே இல்லை. முட்டி தேய்ந்தவர்களுக்கு அது வெளிநாடு.

சென்ற ஆண்டு ஒரு மாலை எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். எழுபத்தெட்டு வயது, தனி ஆள். கையில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று கத்திரிக்காய். “ஆறு வாங்கினேன். எனக்கு மூன்று போதும். மீதியை நீ எடுத்துக்கொள்” என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் நகரவில்லை. “தொண்ணூறு காசு” என்றார். விலையை வீட்டிலேயே வகுத்துக்கொண்டு வந்திருக்கிறார்! ஒரு வெள்ளி நாணயத்தைக் கொடுத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதில் தயாராக வைத்திருந்த பத்துக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

அங்கிருந்து தொடங்கியது இது. முதலில் எங்கள் தாழ்வாரத்தில் நான்கு வீடுகள் பொட்டலங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். பிறகு மூன்றாம் மாடியிலிருக்கும் மக்சிக் (மலாயில் அத்தை) சேர்ந்தார். அவர் சேர்ந்ததும் ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் ஒன்பது வீடுகள். சனிக்கிழமை காலை நானும் அவரும் தள்ளுவண்டியோடு ஈரச்சந்தைக்குப் போய், எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வந்து என் வீட்டுத் தரையில் கொட்டிப் பிரிப்போம். இப்போது இருபத்தாறு வீடுகள். வெங்காயச் சருகு மின்விசிறிக் காற்றில் பறந்து என் கணவரின் தேநீரில் விழுகிறது. அவர் இதுவரை இரண்டு முறைதான் முறைத்திருக்கிறார், ஆனால் இரண்டாவது முறை கொஞ்சம் நீளமாக முறைத்தார்.

போன மாதம் நான்கு கிலோ தக்காளி வாங்கிய மறுநாளே குழைந்துவிட்டது. அடியில் இருந்ததைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. பதினோரு வெள்ளி. என் கைக்காசிலிருந்து போட்டு வேறு தக்காளி வாங்கிக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது குழுவில், ஆளுக்கு இருபது வெள்ளி போட்டு நமக்கென்று ஒரு கடை வைத்துவிடலாம் என்கிறார்கள். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய் என்கிறார் ஒருவர். கீழ்த்தளத்தில் மேசை போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். இலவசமாகப் பொருள் கொடுக்கும் அமைப்புகளைக் கூப்பிடலாமே என்று ஒரு தம்பி சொன்னான். இலவச அரிசி எங்கள் புளோக்குக்கு ஏற்கெனவே வருகிறது, கொடுப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது பாட்டி யாருடனும் பேசமாட்டார். தொண்ணூறு காசு கேட்ட அன்று அவர் நின்ற நிலையே வேறு.

இப்படி ஒன்றைத் தொடங்கி நடத்தியவர்கள், இல்லை தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

தராசுமுள்:

அக்கா, நீங்கள் எழுதியதில் பதினோரு வெள்ளித் தக்காளிதான் தலைப்புச் செய்தி. கடை, சங்கம், மேசை எல்லாம் அதற்குப் பிறகு.

என் அப்பா புளோக்கின் கீழே மளிகைக் கடை வைத்திருந்தார். இருபத்தேழு ஆண்டு. நான் பள்ளிப் பையை இறக்கி வைத்ததும் நேராகத் தராசின் பக்கம்தான் நிற்பேன். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை 1983இல் திறந்ததிலிருந்து அப்பா கடையை மூடும்வரை அங்கேதான் கொள்முதல். ஊர் உறங்கும்போது அங்கே விடிந்துவிடும். பாலத்தைக் கடந்து மலேசியாவிலிருந்து லாரிகள் வரும். கேமரன் மலை முட்டைகோஸ் ஒரு பக்கம், விமானத்தில் வந்திறங்கிய முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் ஒரு பக்கம். அப்பா எதையும் கண்ணால் பார்த்து வாங்கமாட்டார். பெட்டியின் அடியில் கையை விடுவார். ஈரம் பட்டால் அடுத்த பெட்டி. உங்கள் நான்கு கிலோவிலும் அடியில் கைவிட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை, அடுத்த சனிக்கிழமைக்காகச் சொல்கிறேன்.

இனிக் கணக்கு. எடுத்துக்காட்டுக்குத்தான் சொல்கிறேன்: பத்துக் கிலோ தக்காளிப் பெட்டி பதினைந்து வெள்ளி என்று வையுங்கள். கிலோ ஒன்றரை வெள்ளி என்று எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள். ஒரு கிலோ நசுங்கியது, அழுகியது, பிள்ளை கையில் எடுத்துக் கீழே போட்டது என்று போகும். மீதி ஒன்பது கிலோ. ஆக அது ஒரு வெள்ளி அறுபத்தேழு காசுத் தக்காளி. வேன்காரருக்கு முப்பது வெள்ளி, அந்த நடையில் நீங்கள் ஏற்றியது மொத்தம் அறுபது கிலோ என்றால் கிலோவுக்கு ஐம்பது காசு. இப்போது இரண்டு வெள்ளி பதினேழு காசு. பிளாஸ்டிக் பை, தராசு, கைபேசிக் கட்டணம் எதுவும் இன்னும் சேரவில்லை. உங்கள் உழைப்புக்குக் கூலியும் சேரவில்லை, அது சேரப்போவதும் இல்லை.

அதனால் இருபத்தாறு வீட்டுக்காக மொத்தச் சந்தைக்கு ஓடாதீர்கள். ஏற்கெனவே போகும் ஈரச்சந்தையிலேயே ஒரு கடைக்காரரைப் பிடியுங்கள். “வெள்ளிக்கிழமை மாலை பட்டியல் தருகிறேன், சனிக்கிழமை ஒரே ஆளாக வந்து மொத்தமாக எடுக்கிறேன், காசு கையில் தருகிறேன்” என்று சொல்லுங்கள். காய்கறிக்காரருக்கு மறுநாள் எவ்வளவு போகும் என்று முன்பே தெரிவதைப் போல் இனிப்பான செய்தி வேறில்லை. விலை தானாக இறங்கும். அழுகலை அவரே பொறுக்கி எடுத்துத் தள்ளியும் கொடுப்பார்.

இன்னொன்று. சமையலறைத் தராசில் நிறுத்து விற்காதீர்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசைச் சோதித்து முத்திரை ஒட்டியிருக்க வேண்டும், அது சட்டம். சட்டத்தை விடுங்கள், ஐம்பது கிராம் குறைந்ததாக ஒருவர் நினைத்தால் போதும், உங்கள் கூட்டுறவு அன்றோடு சரி.

கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் கடன் எழுதும் 555 நோட்டுப் புத்தகங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. வீட்டுக்கு ஒன்று. சம்பள நாளில் வந்து அடைப்பார்கள். பேரங்காடி தராத ஒன்றை நீங்கள் தர முடியும் என்றால் அது இந்தக் கடன்தான். மாதத்தின் கடைசி வாரத்தில் உங்கள் புளோக்கில் எத்தனை வீட்டில் காய் வாங்குகிறார்கள் என்று பாருங்கள், புரியும்.

இரவுநேரப் பேருந்து:

நான் சமூகப்பணித் துறையில் இருக்கிறேன். உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைத்தால் மன்னிக்கவும்.

சமூகத்துக்குச் சொந்தமான உணவுக்கடை என்ற யோசனை அமெரிக்காவில் நிறையப் பேசப்படுகிறது. கார் இல்லாமல் பேரங்காடிக்குப் போகவே முடியாத ஏழைப் பகுதிகள் அங்கே உண்டு, உணவுப் பாலைவனம் என்பார்கள். வட கரோலினா மாநிலத்து கிரீன்ஸ்பரோ நகரின் வடகிழக்கில் அப்படி ஓர் இடம். அங்கிருந்த பேரங்காடி 1998இல் மூடப்பட்டது. வேறு எந்த நிறுவனமும் வர மறுத்தது. மக்களே பல ஆண்டு போராடிப் பணம் திரட்டி 2016இல் ரெனைசன்ஸ் என்ற பெயரில் கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். 2019 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. பங்கு வாங்கி உறுப்பினரானவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆனாலும் கடை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு விற்பனை வரவில்லை. கடை வேண்டும் என்று கையெழுத்திடுவதும் வாராவாரம் அங்கேயே வாங்குவதும் ஒன்றல்ல.

எதிர்க்கதையும் உண்டு. டெட்ராய்ட்டில் பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டு 2024 மே மாதம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். ஓக்லண்டின் மேற்குப் பகுதியில் 2009இல் தொடங்கிய மண்டேலா கடை அங்கே வேலை செய்பவர்களுக்கே சொந்தம். ஆனால் அந்த ஊர்களின் சிக்கல் தூரம். நம் ஊரில் தூரம் சிக்கலில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் உறுப்பினர் அரிசி, எண்ணெய், பால் எல்லாம் தள்ளுபடியில் பேரங்காடியில் வாங்குவார். வீடுகளுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பாதியைப் பேரங்காடியில்தான் செலவழிக்க முடியும், அதையும் அங்கேதான் கொண்டுபோவார். உங்களிடம் மூன்று கத்திரிக்காய்க்கு மட்டும் வருவார். மூன்று கத்திரிக்காயை நம்பி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடையொன்றுக்கு ஏலம் கேட்டு வாடகை கட்ட முடியுமா?

இலவசத்தை நீங்கள் ஒதுக்கிய காரணம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கம் நடப்பதையும் பாருங்கள். மவுண்ட்பேட்டனில் வசதி குறைந்தவர்கள் தாங்களே அலமாரியில் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் காசில்லாமல் எடுத்துச்செல்லும் சமூகக் கடை இருக்கிறது. பாசிர் பாஞ்சாங்கிலும் தேக்காவிலும் விற்காத காய்களைச் சேகரித்துக் கொடுக்கும் தொண்டூழியர்கள் இருக்கிறார்கள். நல்ல மனத்தோடு, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றி உணவு நன்கொடை கொடுப்பவர்களைப் பொறுப்பிலிருந்து காக்கும் சட்டமும் 2024 ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது. அவர்களில் ஒரு வண்டி சனிக்கிழமை காலை உங்கள் புளோக்குக்கு வந்தால் அன்று உங்கள் தக்காளியை யார் வாங்குவார்?

பழைய கணக்கர்:

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். மேலே இரவுநேரப் பேருந்து சொன்னதில் தவறில்லை, ஆனால் அவர் கடைசிப் படியை முதல் படியாக வைத்துப் பேசுகிறார்.

இன்றைய கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று சொல்லப்படும் இங்கிலாந்தின் ரோச்டேல் கடை 1844 டிசம்பர் 21ஆம் தேதி திறந்தது. இருபத்தெட்டுப் பேர், கையில் இருபத்தெட்டு பவுண்டு. அதைச் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. அலமாரியில் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். முதலில் வாரத்தில் இரண்டு மாலை மட்டும் திறந்தார்கள். நம் சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் ஒரு சில அன்பர்கள் கூடிப் பேசியதில் பிறந்ததுதான். நம் ஊரில் 1973இல் விலைவாசி ஏறிக்கொண்டே போனபோது, பதுக்கலையும் கொள்ளை லாபத்தையும் எதிர்த்துத் தொழிற்சங்கம் தோ பாயோவில் ‘வெல்கம்’ பேரங்காடியைத் திறந்தது. லீ குவான் இயூ வந்து திறந்துவைத்தார். 1983இல் இன்னொரு கூட்டுறவோடு சேர்ந்து அது ஃபேர்பிரைஸ் ஆனது. அதற்குத் தொழிற்சங்கத்தின் முதுகு இருந்தது. உங்களுக்கு இருப்பது மக்சிக்கின் தள்ளுவண்டி. ஆகையால் தோ பாயோவைப் பார்க்காதீர்கள், ரோச்டேலைப் பாருங்கள்.

பதிவு பற்றி. கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தால் சட்டப்படி தனி ஆள் ஆகிவிடுவீர்கள். கடன், ஒப்பந்தம் எல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்கும், உங்கள் தலையில் விழாது. எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. இருபது வெள்ளி போட்ட பாட்டிக்கும் இருநூறு போட்டவருக்கும் ஒரே கை. ஆனால் துணைவிதிகள் எழுத வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இருபத்தாறு வீடு என்ற அளவில் இது யானைக்கு வாங்கிய சங்கிலியால் பூனையைக் கட்டுவது. ஓராண்டு கணக்கு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின்கீழ் உள்ள பதிவகத்துக்குப் போங்கள். 1980 முதல் இயங்கும் தேசியக் கூட்டுறவுச் சம்மேளனமும் தொடங்குபவர்களுக்கு வழிகாட்டும். கணக்கில்லாமல் போனால் அவர்களும் என்னதான் செய்வார்கள்?

கீழ்த்தளத்து மேசை விஷயத்தில் கவனம். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் தங்களுக்குள் வாங்கிய விலையில் பிரித்துக்கொள்வது ஒன்று. மேசை போட்டுப் போவோர் வருவோருக்கு விற்பது வேறு. கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும், விற்பனை என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பையும் கேட்க வேண்டும். மீன், இறைச்சி பக்கமே போகாதீர்கள். உரிமம், குளிர்ப்பெட்டி, ஹலால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். காய், வெங்காயம், முட்டை, பருப்பு என்றால் மூன்று இனத்து வீட்டுக்கும் பொது.

கடனைப் பற்றித் தராசுமுள் எழுதியதோடு எனக்கு உடன்பாடில்லை. ரோச்டேல்காரர்கள் ரொக்கத்துக்கு மட்டுமே விற்றார்கள். அவர்களுக்கு முன்னால் வந்த பல கூட்டுறவுக் கடைகள் கடன் கொடுத்தே கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள். தனிக் கடைக்காரர் கடன் கொடுத்தால் அவர் காசு போகும். கூட்டுறவில் கடன் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் காசு போகும். அது மின்தூக்கியில் சேர்ந்து போகும்போது முகத்தில் தெரியும்.

தராசுமுள்:

பெரியவர் சொன்ன மின்தூக்கி வாதம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பாவின் டின்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடையை மூடியபோது அந்த 555 புத்தகங்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தோம். வராத கடன் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருபத்தேழு ஆண்டில் அழுகிக் குப்பைக்குப் போன காயின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. ஏமாற்றியவர்களைவிடத் தக்காளிதான் எங்களை அதிகம் ஏமாற்றியது.

மாடித்தோட்டம்:

கடை வைத்து எனக்கு அனுபவமில்லை. எங்கள் புளோக்கில் சமூகத் தோட்டம் இருக்கிறது. கறிவேப்பிலை, பண்டான் இலை, எலுமிச்சம்புல் மூன்றும் எப்போதும் மிஞ்சும். யாரும் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லாத பொருள்கள் இவை. உங்கள் வட்டாரத் தோட்டக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு கொத்து சும்மா போட்டுக் கொடுத்தால் பேரங்காடியை மறந்துவிடுவார்கள். உங்கள் பெயருக்கும் பொருத்தம்.

கறிவேப்பிலைக்கொத்து:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. தராசுமுள் தம்பிக்கு இரண்டு மடங்கு.

முதலில் பதினோரு வெள்ளியைக் குழுவில் சொன்னேன். தட்டச்சு செய்துவிட்டு அனுப்பாமல் அரைமணி நேரம் வைத்திருந்தேன். அனுப்பிய பிறகு பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஏழாம் மாடிச் சீனத் தாத்தா, குழுவில் சேர்ந்ததிலிருந்து பூப்படம் தவிர எதுவும் அனுப்பாதவர், மலாயில் ஒரு வரி எழுதினார்: “ரூகி சாமா சாமா.” நட்டமும் சேர்ந்தேதான் என்று பொருள். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேநவ் என்ற கைபேசிக் கட்டணச் சேவையில் ஐம்பது காசு, அறுபது காசு என்று அனுப்பத் தொடங்கினார்கள். நிறுத்தச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியதாயிற்று. மொத்தம் பதின்மூன்று வெள்ளி வந்துவிட்டது, இரண்டு வெள்ளி அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றிக் கூடினோம். பத்தொன்பது பேர். இரவுநேரப் பேருந்து எழுதியதை வாய்விட்டுப் படித்தேன், மக்சிக் மலாயில் சொன்னார். “மூன்று கத்திரிக்காய்க்கு மட்டும் வருவார்கள்” என்ற இடத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டு, “ஆமாம், அதற்குத்தான் வருவோம். மற்றதை யார் உங்களிடம் கேட்டார்கள்?” என்றார். எனக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கடை வேண்டாம். அரிசி, எண்ணெய் வேண்டாம். பேரங்காடி சின்னதாக்க மாட்டேன் என்று சொல்வதை மட்டும் சின்னதாக்கினால் போதும். இலவச வண்டி வந்தால் அன்று தக்காளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், சண்டை எதற்கு?

ஆளுக்குப் பத்து வெள்ளி முன்பணம் என்று முடிவானது. குழுவிலிருந்து விலகினால் அது திரும்பக் கிடைக்கும். கிலோவுக்குப் பத்துக் காசு கூடுதலாக வைத்து அதை ஒரு மைலோ டின்னில் போடுகிறோம். பெயர் அழுகல் டின். அழுகினால் அதிலிருந்து எடுப்போம், அழுகாவிட்டால் தீபாவளி, ஹரி ராயா, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் விலையைக் குறைப்போம். கடன் கிடையாது. பழைய கணக்கர் ஐயா மகிழலாம், ஆனால் முழுவதும் மகிழ வேண்டாம்: மாதக் கடைசி வாரத்தில் முன்பணத்திலிருந்து ஐந்து வெள்ளிவரை கழித்துக்கொள்ளலாம், சம்பளம் வந்ததும் நிரப்ப வேண்டும். தன் காசையே தான் கடன் வாங்குவது. இந்த யோசனையைச் சொன்னது ஈரறை வீட்டில் நான்கு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய். கூட்டத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஈரச்சந்தைக் கடைக்காரர் முதலில் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் அனுப்பியதும் “இவ்வளவும் ஒரே ஆளா?” என்று போன் செய்து கேட்டார். இரண்டாம் வாரமே தனியாகப் பிரித்து வைத்திருந்தார், விலையும் கொஞ்சம் இறங்கியது. நான் பெட்டியின் அடியில் கையை விட்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். முத்திரை ஒட்டிய தராசு ஒன்று வாங்கிவிட்டோம். பிரிப்பது இப்போது என் வீட்டில் இல்லை, மாடிக்கு ஒருவர் முறைவைத்துச் செய்கிறோம். சமூகத் தோட்டத்துப் பெரியவர் கறிவேப்பிலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் கணவர் தேநீர் குடிக்கிறார், சருகில்லாமல்.

நேற்று முதல் அழுகல் வந்தது. பீன்ஸ் நானூறு கிராம், ஒரு வெள்ளி அறுபது காசு. டின்னில் நான்கு வெள்ளி முப்பது இருந்தது. எடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி, எதிர்வீட்டுப் பாட்டியிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். எழுத்து வாசிக்கமாட்டார், எண் வாசிப்பார். ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் பீன்ஸ் வரியில் நிறுத்தினார். “அதைக் கொண்டுவா, பார்க்கிறேன்” என்றார். கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றை எடுத்து ஒடித்தார், உள்ளே விதையைப் பார்த்தார், முகர்ந்தார்.

“இது அழுகல் இல்லை, முற்றல். விதையை எடுத்துக் குழம்பில் போடலாம். எனக்குப் பாதி விலைக்குக் கொடு.”

எண்பது காசு. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து, என் கையில் கொடுக்காமல், தானே மைலோ டின்னில் போட்டார். புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார்.